கார்த்திகையில் காய்ச்சிய பால்

மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த வரிசையில் ஒரு மனைக்கு ஒரு வீடு, ஒரு வீட்டுக்கு ஓர் அடுப்பு என்பது சட்டமாக இருந்தது. ஊரின் சுகாதாரத்தையும் கட்டடங்களையும் பார்த்துக்கொண்ட நிர்வாகத்தை எல்லோரும் வெறுமனே ‘போர்டு’ என்று சொல்வோம். போர்டின் சுகாதார இன்ஸ்பெக்டர்கள் ஒரு வீட்டுக்குள் வந்தால் முதலில் சமையற்கட்டுக்குத்தான் போவார்கள். ஆட்களை எண்ணிப் பயனில்லை என்று அனுபவத்தில் கண்டிருந்தார்கள். தமிழர் வீட்டில் கேட்டால் எல்லோரும் அண்ணன் தம்பி. சீனர் வீட்டில் கேட்டாலும் எல்லோரும் அண்ணன் தம்பி. பகலில் பாதிப் பேர் வேலைக்குப் போயிருப்பார்கள். அடுப்பு எங்கும் போகாது. இரண்டாவது அடுப்பு இருந்தால் இரண்டாவது குடும்பம் இருக்கிறது என்று அர்த்தம். உடனே நோட்டீஸ் வரும்.

சட்டம் போட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நெருப்பையும் காலராவையும் கண்ட ஊர் அது. ஆனால் சட்டம் வந்தபோது ஊர் சிறிதாக இருந்தது. பிறகு ரப்பரும் ஈயமும் ரயிலும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டே இருந்தன. மனைகள் மட்டும் இருந்தபடியே இருந்தன. எங்கள் மனைகள் முகப்பில் குறுகி, பின்னால் நெடுக ஓடுபவை. முன்னால் ஒரு பலகை வீடு, பின்னால் சாக்கடை வரைக்கும் வாழையும் புல்லும். அந்தப் புல்லுக்கு எதிரே தெருமுனைக் கடைகளின் மாடிகளில், பலகையால் தடுத்த ஜன்னலில்லாத அறைகளில், குடும்பங்கள் பெட்டி அடுக்கியது போல இருந்தன. அங்கே இன்ஸ்பெக்டர் ஏன் நோட்டீஸ் கொடுக்கவில்லை என்று கேட்கலாம். மாடி முழுவதற்கும் ஒரே சமையற்கட்டு. ஆகவே போர்டின் கணக்கில் அது ஒரே வீடு.

ரோமாபுரியிலும் ஏழைகள் இப்படி மாடிக்கு மேல் மாடியாக நெருக்கியடித்து வாழ்ந்தார்கள் என்று எங்கோ படித்தபோது எனக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை. ஜன்னலைத் திறந்தால் அது தெரிந்தது.

நான் தேதிப் பைத்தியம் என்று என் மனைவி சொல்வாள். மழை பெய்த நாள், பாலம் திறந்த நாள், பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்ட நாள் எல்லாம் குறித்து வைப்பது என் வழக்கம். ஆனால் நான் சொல்லப் போகிற வருஷத்தின் குறிப்புகளைக் கரையான் தின்றுவிட்டது. நினைவை மட்டும் நம்பித் தேதி எழுத எனக்கு மனம் வராது. ஆகவே தமிழ் மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஊரே மூழ்கிய 1926ஆம் ஆண்டு வெள்ளத்துக்குச் சில வருஷங்கள் பின்னால், ரப்பர் விலை அடியோடு விழுந்து, அரசாங்கம் வேலையிழந்தவர்களை இலவசமாகக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் அனுப்பிக்கொண்டிருந்த காலம். அதைச் சொன்னாலே என் வயதுக்காரர்களுக்குப் புரியும்.

என் தங்கையின் கணவர் ரயில் பட்டறையில் பிட்டர். ஆள் குறைப்பில் அவர் வேலை போயிற்று. வேலையோடு குவார்ட்டர்ஸும் போயிற்று. நல்ல கைத்தொழில்காரர் என்பதால் புடு வட்டாரத்தில் ஒரு சீனரின் இரும்புப் பட்டறையில் சீக்கிரமே சேர்ந்துவிட்டார். ஆனால் அங்கே சம்பளம் உண்டு, வீடு கிடையாது. கடைசியில் தங்கையும் அவரும் ஐந்து வயது மகளும் தெருமுனை மாடியில் ஓர் அறைக்கு வந்தார்கள். இரண்டு பக்கத் தடுப்புக்கும் அப்பால் யாராவது இருமிக்கொண்டே இருப்பார்கள். மூன்று மாதத்தில் குழந்தையும் இரும ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக இருந்த டிரஸ்ஸர் மருந்துப் புட்டியைக் கொடுத்துவிட்டு, “இது பாதிதான் வேலை செய்யும். மீதி காத்துதான் செய்யணும்” என்றார்.

நான் தங்கை கணவரை அழைத்துச் சொன்னேன்:

“மாப்பிள்ளை, எங்க வீட்டுக்கு வந்துடுங்க. முன் ரூமை ஒழிச்சுத் தரேன்.”

“வரலாம் மச்சான். சோறு?”

“சோறு என்ன, எல்லாருக்கும் சேர்த்துத்தான் பொங்குவா.”

“அதான் வேணாங்கிறேன்” என்றார். “பொண்டாட்டியோட அண்ணன் அடுப்புல ஒரு நாள் விருந்து சாப்பிடலாம், ரெண்டு நாள் சாப்பிடலாம். மூணாம் நாள் பட்டறையில பேரு வச்சிருவானுங்க, வீட்டோட மாப்பிள்ளைன்னு. எனக்குத் தனி அடுப்பு வேணும். இல்லேன்னா கப்பல் இருக்கு.”

கப்பல் வெறும் பேச்சு இல்லை. வேலை போன வாரமே அவர் தம் பெயரைக் கொடுத்து வைத்திருந்தார். ஊரில் அவருக்கு நிலம் இல்லை, வேலை இல்லை; ஓர் அண்ணனும் அண்ணனுக்கு நிறையப் பிள்ளைகளும் இருந்தார்கள். அண்ணன் அடுப்பில் சாப்பிடுவதில் மட்டும் அவருக்கு அவமானம் தெரியவில்லை. அது அவர் அண்ணன்.

என் மனைவிக்கு இது கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். “என் சோத்துல என்ன விஷமா கலந்திருக்கு? கப்பல்ல வெள்ளைக்காரன் போடுற சோத்தைத் தின்பாராம், நான் போட்டா தின்ன மாட்டாராம்!” என்பாள். ஆனால் அவளும் அந்த மண்ணில் பிறந்தவள்தான். அவள் அண்ணன் மாமனார் வீட்டில் போய் உட்கார்ந்தபோது இதே வாயால் என்ன பேசினாள் என்பது எனக்குத் தெரியும்.

ஆக, ஒரு குடும்பம் இந்த ஊரில் இருப்பதும் கடல் தாண்டுவதும் இரண்டாவது அடுப்பு ஒன்றைப் பொறுத்ததாயிற்று. அந்த இரண்டாவது அடுப்பைத்தான் சட்டம் கூடாதென்றது.

அந்தச் சமயத்தில் போர்டிலேயே இந்தச் சட்டத்தை மாற்றுவது பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆங்கிலப் பத்திரிகையில் அது கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் வரும். நான் வாசகசாலையில் தேடிப் படிப்பேன். ஆழமான மனைகளில், பின்னால் ஒரு சந்துக்கு இடம் விட்டு, இரண்டாவதாக ஒரு சிறிய வீடு கட்டிக்கொள்ள அனுமதிக்கலாம் என்பது யோசனை. செங்கல் அடித்தளமும் தகரக் கூரையும் இருந்தால் சுவர் பலகையாக இருக்கலாம். போர்டு டாக்டர் அதை ஆதரித்தார். மாடி அறைகளை வாடகைக்கு விட்டிருந்தவர்கள் எதிர்த்தார்கள்; பின்கட்டு வீடுகள் வந்தால் ஊர் சேரியாகிவிடும் என்று மிகவும் கவலைப்பட்டார்கள். விஷயம் கமிட்டிக்குப் போவதும், இன்ஜினியரிடம் திரும்பி வருவதுமாக இருந்தது. புது வருஷத்துக்குள் முடிவாகலாம் என்று பத்திரிகை எழுதியது.

முடிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. மனையின் பின்னால் ஒரு ஸ்டோர் கட்டிக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருந்தது. ஸ்டோரைக் கட்டி வைத்துக்கொண்டால், சட்டம் மாறிய மறுநாளே அது வீடு. பிளான் போட்டு அனுமதி வாங்கினேன். ஒரு சீனத் தச்சரை வைத்துக் கட்டினோம். சிமெண்டுத் தரை போட்டு, நடுவில் ஒரு தடுப்பு வைத்தார். தங்கை வந்து பார்த்துவிட்டு, கிழக்கே ஒரு ஜன்னல் வேண்டும் என்றாள். தச்சர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, முதலாளியை அழைப்பது போல, மலாயில் கேட்டார்: “தவுக்கே, அரிசி மூட்டை வெளியே எட்டிப் பார்க்குமா?” ஸ்டோருக்கு ஜன்னல் ‘தா போலே’ என்று முடித்துவிட்டார்; மலாயில் ‘போலே’ என்றால் முடியும், ‘தா போலே’ என்றால் முடியாது. பிளானில் இல்லாததைச் செய்து அவர் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்?

இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு கார்த்திகை மாதம் முடியப் போயிற்று.

கார்த்திகை போனால் மார்கழி. மார்கழியில் நம்மவர் யாரும் புதுவீடு புக மாட்டார்கள். அப்படியானால் தைதான். ஆனால் குழந்தையின் இருமல் அதற்குள் இரவில் நீலம் பாரிக்கும் அளவுக்குப் போயிருந்தது. மழைக் காலம், மாடி அறையில் சுவரே வேர்த்தது. தைவரை அங்கே வைத்திருக்க முடியாது என்று தங்கை சொல்லிவிட்டாள். போர்டு தீர்மானமோ இன்னும் வரவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்தது கார்த்திகையின் கடைசி நல்ல நாள் ஒன்றுதான்.

“ஸ்டோர்ல படுத்துக்கலாம்” என்றார் மாப்பிள்ளை. “கையில தூக்குற மண் அடுப்பு ஒண்ணு வச்சு சமைப்போம். ஆபீசர் வந்தா சாக்கு போட்டு மூடிடலாம். ஊர்ல பாதிப் பேரு அதைத்தானே செய்றான்.”

எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. இருந்தாலும் சில வாரங்கள்தானே என்று தலையாட்டினேன். அப்போது தங்கை கேட்டாள்:

“பால் காய்ச்ச வேணாமா?”

தங்கை குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

“பால் காய்ச்சாத வீட்டுல நான் எம் புள்ளையைப் படுக்க வைக்க மாட்டேன். நோயோட கிடக்குற புள்ள.”

“சின்னதா காய்ச்சிக்கலாம்” என்றாள் என் மனைவி.

நம் வீடுகளில் சின்னதாகப் பால் காய்ச்சுவது எப்படி நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லாமல் இருக்க முடியாது, நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டும். அவளுக்குச் சொன்னால் எதிர் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். வாழைக்கன்று மனையிலேயே இருக்கிறது, அதை வெட்டிக் கட்டினால் என்ன? மாவிலை காசா? தூக்கும் அடுப்பில் மங்கலப் பால் வைக்கக் கூடாது, அக்கினி மூலையில் நிலையாக இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். மாப்பிள்ளை பழைய சூளைப் பக்கம் போய் மூன்று நல்ல செங்கல் கொண்டுவந்து, தென்கிழக்கு மூலையில் மண் குழைத்துப் பதித்தார். தங்கை வாசலில் சாணம் மெழுகிக் கோலம் போட்டாள். இப்படியாக, யாருக்கும் தெரியாமல் ஒரு ஸ்டோரில் குடியேறுவதற்கு எங்கள் தெருவில் பாதி திரண்டு வந்திருந்தது.

விறகு ஈரம். பால் ஏற நேரம் பிடித்தது. எல்லோரும் பானையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். “பொங்குது, பொங்குது!” என்று குழந்தை கத்தியது. பால் கிழக்குப் பக்கமாக வழிந்தது, பெண்கள் குலவையிட்டார்கள். அந்தக் குலவை முடியும்போது பின்னால் சாக்கடைப் பக்கமாக இன்ஸ்பெக்டர் வந்து நின்றார்.

வெள்ளைக் கால்சட்டை, தொப்பி, கையில் கொசுப்புழு மொண்டு பார்க்கும் நீண்ட காம்புக் கரண்டி. மழை விட்டதும் தேங்கிய தண்ணீரைப் பார்க்க வந்தவர். வெள்ளைக்காரராகவோ மலாய்க்காரராகவோ இருந்திருந்தால் ஏதோ பூசை என்று சொல்லி அனுப்பியிருப்பேன். இவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் அம்மாவும் பால் காய்ச்சியிருப்பார்.

என் மனைவிக்கு அந்த நேரத்தில் வாசலில் நின்ற ஆள் விருந்தாளி, அவ்வளவுதான். “வாங்க, வாங்க! நல்ல நேரத்துல வந்தீங்க, உக்காருங்க” என்றாள்.

“என்ன விசேஷம்?”

“பால் காய்ச்சினோங்க” என்றாள். நான் அவளைப் பார்த்தேன். வார்த்தை வெளியே வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். “இது ஸ்டோர் எண்டல்லோ பிளானில கிடக்கு?”

“ஸ்டோர்தாங்க.”

அவர் வாழைக்கன்றைப் பார்த்தார். மாவிலையைப் பார்த்தார். கோலத்தை மிதிக்காமல் ஒரு காலை எடுத்து வைத்து உள்ளே குத்துவிளக்கையும் பார்த்தார். “நல்ல வடிவான ஸ்டோர். உங்கட பக்கத்தில ஸ்டோருக்கும் பால் காய்ச்சுறவையோ?”

பக்கத்து வீட்டுக்காரி, ரயில் கார்டின் மனைவி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்ததே இல்லை. “உள்ள வைக்கிற சாமானும் நல்லா இருக்கணும்ல சார்?” என்றாள். பெண்கள் முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

தங்கை ஒரு தம்ளரில் பாலை ஊற்றி, சர்க்கரை போட்டு, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள். அவர் சற்றுத் தயங்கினார். புதுவீட்டுப் பாலை வேண்டாமென்று சொல்ல நம்மில் யாருக்கும் வாய் வராது. கரண்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார். தொப்பியைக் கழற்றி இடுக்கிக்கொண்டார். நின்றபடியே முழுவதையும் குடித்து முடித்து, “நல்லா இருங்கோ” என்றார்.

பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு என்னைத் தனியாக அழைத்துப் போனார். “கோவிக்காதேங்கோ. அடுப்பைக் கண்ணால கண்டிட்டன். ரெண்டாவது குசினி இருக்கு எண்டு எழுதாமல் போக ஏலாது. இண்டைக்கே எடுத்துப்போடுங்கோ. ஆக்களும் இங்க படுக்கக் கூடாது.”

“சட்டம் மாறப் போகுதுன்னு பேப்பர்ல இருக்கே.”

“மாறட்டும். மாறினால் நானே வந்து அளந்து தாறன். மாறுமட்டும் நான் எண்ணுறது அடுப்பைத்தான். டொக்டர் இருமலை எண்ணுறார். ரெண்டு கணக்கும் ஒரு நாளைக்குச் சந்திக்கும்.”

தங்கை அடுப்பை இடிக்க விடவில்லை. பால் பொங்கிய அடுப்பைக் கடப்பாரையால் குத்துவது ஆகாது என்று அழுதாள். ஆகவே அது ஆறும்வரை காத்திருந்து, மாப்பிள்ளை கையாலேயே மண்ணைப் பெயர்த்து, மூன்று கல்லையும் ஒவ்வொன்றாக எடுத்து, கழுவி, எங்கள் வீட்டுப் படியோரம் அடுக்கி வைத்தார்.

மாடி அறையை ஒழித்துக் கொடுத்தாயிற்று; அங்கே அதற்குள் வேறு குடும்பம் வந்துவிட்டது. மூவரும் எங்கள் முன் அறையில் தங்கினார்கள். தங்கையும் குழந்தையும் எங்களோடு சாப்பிட்டார்கள். மாப்பிள்ளை சாப்பிடவில்லை. காலையில் பட்டறைக்குப் போகும் வழியில் ஒரு கடை, மாலையில் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கடை. எங்கள் வீட்டில் தண்ணீர் மட்டும் குடிப்பார். அவர் வரும் நேரம் பார்த்து என் மனைவி வேண்டுமென்றே கருவாடு வறுப்பாள். அவர் தெருவிலேயே நின்று பீடி பிடித்து முடித்துவிட்டு உள்ளே வருவார். வாசலில் காய்ந்த மூன்று செங்கல்லைத் தாண்டித்தான் வர வேண்டும்.

மார்கழி பிறந்தது. குழந்தைக்குக் காற்று கிடைத்தது. இருமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. ஆனால் மாப்பிள்ளைக்குக் கப்பல் நாள் வந்துவிட்டது. மார்கழி நடுவில் போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து புறப்படும் கப்பலில் மூன்று பேருக்கும் இடம்.

“போறேன் மச்சான்” என்றார். “நீங்க என்ன செய்ய முடியும்? போர்டு உங்க கையிலயா இருக்கு?”

தங்கை டிரங்குப் பெட்டியைத் திறந்து துணி அடுக்கினாள். அடுக்கியதை மறுநாள் எடுத்துத் திரும்ப அடுக்கினாள். குழந்தை மட்டும் கப்பலைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டது.

போர்டு கூடும் நாள் எனக்குத் தெரியும். மறுநாள் காலை வாசகசாலை திறக்குமுன் வாசலில் நின்றேன். பத்திரிகையைப் பின்னாலிருந்து திருப்பினேன். அந்தச் சிறிய எழுத்துப் பத்தி அங்கே இருந்தது. ஆழமான மனைகளில் இரண்டாவது குடியிருப்பு வீட்டுக்கு அனுமதி. பின்சந்துக்கு இடம் விட வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் ஜன்னல் வேண்டும். அடுப்புள்ள இடத்தைப் படுக்கும் இடத்திலிருந்து தடுப்பு வைத்துப் பிரிக்க வேண்டும். மூன்று முறை படித்தேன். நாலாவது முறை எழுத்து தெரியவில்லை. கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். தங்கை பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை மட்டும் பீடியை அணைத்துவிட்டு, “சரி மச்சான், சட்டம் வந்துருச்சு. மார்கழி?” என்றார்.

சந்தோஷத்தில் எனக்கு அது மறந்தே போயிருந்தது.

“மார்கழியில எவனாச்சும் பால் காய்ச்சுவானா? தை பிறக்கணும். கப்பல் அதுக்கு முன்னால போகுது. இந்தக் கப்பலை விட்டா மறுபடி எடம் தருவானோ இல்லையோ. தை வரைக்கும் கடையில தின்னுக்கிட்டு உங்க ரூம்ல கிடக்க என்னால ஆகாது. இப்பவே பட்டறையில கேக்குறானுங்க.”

என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

“தம்பி, ஒண்ணு கேக்குறேன். யாரு உங்களை மறுபடி பால் காய்ச்சச் சொன்னது?”

“பின்ன?”

“பால் காய்ச்சினது கார்த்திகையில. பொங்கி வழிஞ்சது கார்த்திகையில. நீங்க குடி புகுந்தது கார்த்திகையில. நடுவுல போர்டு அடுப்பை எடுத்துச்சு. இப்ப அதைத் திரும்ப வைக்கப் போறீங்க. அது ரிப்பேரு. ரிப்பேருக்கு மார்கழி என்ன, ஆடி என்ன?”

எவ்வளவு படித்திருந்தும் இந்த வழி எனக்குத் தோன்றவில்லை.

மாப்பிள்ளைக்கு அது பிடித்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் உடனே ஒப்புக்கொள்ள அவரால் முடியாது. “நாம சொல்லிக்கிட்டா ஆச்சா அக்கா? அன்னிக்கு அது வீடே இல்ல, ஸ்டோர். ஸ்டோர்ல காய்ச்சின பால் கணக்குல வருமா?”

“அதைக் குடிச்ச ஆளைக் கேளுங்க” என்றாள்.

இன்ஸ்பெக்டர் சொன்ன சொல் தவறவில்லை. நான் போர்டு ஆபீஸுக்குப் போய்ச் சொன்ன மறுநாளே, தூறலில், குடையும் அளவு நாடாவுமாக வந்தார். அதற்குள் சீனத் தச்சரை அழைத்துக் கிழக்குச் சுவரில் ஜன்னல் வெட்டச் சொல்லியிருந்தேன். அவர் ரம்பத்தைப் போட்டுக்கொண்டே ஓயாமல் முணுமுணுத்தார். “முதல்லே ஜன்னல் தா போலே. இப்போ ஜன்னல் இல்லேன்னா தா போலே. உங்க போர்டுக்கு என்னதான் போலே லா?” இன்ஸ்பெக்டர் அது காதில் விழாதவர் போல ஜன்னலை அளந்தார். நடுத் தடுப்பைத் தட்டிப் பார்த்தார். பின்னால் சந்துக்கு விட வேண்டிய இடத்தைக் காலால் கோடு கிழித்துக் காட்டினார்; என் வாழைகள் எல்லாமே அந்தக் கோட்டுக்கு அப்பால் நின்றன. போகட்டும் என்றேன். அன்று அவர் என் தலைமுடியைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

“எல்லாம் சரி. அடுப்பை வையுங்கோ” என்றார்.

மாப்பிள்ளை அவர் முன்னால் போய் நின்றார். “சார், ஒரு விஷயம். அன்னிக்கு நீங்க குடிச்சீங்களே, அது என்ன பாலு?”

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பின்னால் நின்ற என் மனைவியையும், வேலிக்கு மேல் தலை நீட்டியிருந்த கார்டின் மனைவியையும் பார்த்தார். கேள்வி எங்கிருந்து வருகிறதென்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். மார்கழி அவருக்கும் மார்கழிதானே.

“புதுவீட்டுப் பால். வேற என்ன?” என்றார். “ஸ்டோரில காய்ச்சின பால் எண்டு நான் நினைச்சிருந்தால் உங்கட அடுப்பை எடுக்கச் சொல்லியிருப்பனோ? வீடு எண்டபடியால்தானே எடுக்கச் சொன்னனான்!”

“கேட்டுக்கிட்டீங்களா தம்பி? கவர்மெண்டே சொல்லிருச்சு” என்றாள் கார்டின் மனைவி.

மாப்பிள்ளை வாசலுக்குப் போய் மூன்று செங்கல்லையும் ஒரே தடவையில் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்று மாலையே கப்பலுக்குப் பெயர் கொடுத்த இடத்துக்குப் போய், வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அங்கே இருந்தவர்கள் மூன்று இடம் காலியாயிற்று என்று மகிழ்ந்தார்களாம். வெளியே காத்திருந்தவர்கள் அவ்வளவு பேர்.

பிற்பாடு எங்கள் வரிசையில் ஒவ்வொரு மனையிலும் பின்னால் ஒரு புகை எழுந்தது. மாடி அறைகளில் சில நாளடைவில் காலியாயின. அவற்றின் சொந்தக்காரர்கள் தடுப்புகளைப் பிரித்து ஜன்னல் வெளிச்சம் உள்ளே வர விட்டு, அதன் பிறகு வாடகைக்கு ஆள் தேடினார்கள். ஊர் சேரியாகவில்லை. சந்துக்கு விட்ட இடத்தில் துணி காயப்போடுவதைப் பற்றி மட்டும் இன்றுவரை சண்டை நடக்கிறது. என் தங்கை மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மழைக் காலத்தில் எல்லாப் பிள்ளைகளையும் போல இருமுகிறாள், அதற்கு மேல் இல்லை.

கப்பல் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. துறைமுகத்துக்குப் போகும் ரயில் எங்கள் மனைகளுக்குப் பின்னால், சாக்கடைக்கு அப்பால்தான் போகும். அன்று மதியம் மாப்பிள்ளை எங்களைச் சாப்பிட அழைத்திருந்தார். அழைப்பு முறையாக இருந்தது: வேட்டி சட்டையோடு முன் வாசலுக்கு வந்து, “மச்சான், அக்கா, எங்க வீட்டுல இன்னிக்குச் சாப்பாடு” என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வாசலுக்கும் நடுவே ஒரு துணிக்கொடி தூரம்தான். என் மனைவி நல்ல சேலை எடுத்து உடுத்திக்கொண்டாள். வெறுங்கையோடு போகக் கூடாது என்று வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டாள். வெட்டிய வாழையில் கடைசித் தாரின் சீப்பு அது.

அக்கினி மூலையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. தங்கை பரிமாறினாள். ரயில் வந்தது. பெட்டிகள் நிறைய ஆட்கள், ஜன்னலெல்லாம் முகங்கள், கூரை வரை மூட்டை. குழந்தை புது ஜன்னலில் ஏறி நின்று கை காட்டியது. ரயிலிலிருந்து சிலர் திரும்பக் கை காட்டினார்கள். சத்தம் அடங்கும்வரை மாப்பிள்ளை கையைச் சோற்றிலேயே வைத்தபடி இருந்தார்.

பிறகு என் இலையைப் பார்த்து, “என்ன மச்சான், கூச்சப்படுறீங்க? மாப்பிள்ளை வீட்டு அடுப்புன்னா?” என்றார்.

“இன்னும் ரெண்டு நாளைக்கு இல்ல. மூணாம் நாள்தான்” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே சட்டியை வாங்கி, என் சோற்றின் மேல் குழம்பை ஊற்றினார்.